இல்லாத முதலாளியின் மானேஜர்

சரசு அக்காவின் சமையலறைக் கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் சாமந்திப்பூ வாளிக்குள் விழுந்தது. அக்கா மேலே பார்க்கக்கூட இல்லை. காலால் வாளியை ஒரு சாண் நகர்த்திவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்வதையே ஒரு தொழிலாகச் செய்தால் என்ன?

அப்போது நான் மலை ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தேன். ஈப்போவில் கட்டட நிர்வாகம் படித்து டிப்ளோமா வாங்கிக்கொண்டு மறுபடி மலையேறி வந்து, சுற்றுலாப் பயணிகளுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹோட்டல் முகப்புக்குப் பூ வாங்குவதும் என் வேலைதான். சரசு அக்காவும் அவர் கணவரும் கோலா தெர்லாப் பக்கத்துத் தோட்டங்களில் பூ எடுத்து விற்பவர்கள். அண்ணன் லோரி ஓட்டுவார், அக்கா விலை பேசுவார். சந்தைக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடியில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். பூ பார்க்கப் போன இடத்தில்தான் அந்தச் சொட்டைப் பார்த்தேன்.

வாசல் கிரில்லில் யாரோ சாவியால் தட்டினார்கள்.

"மானேஜர் வந்துட்டாரு. தண்ணி கொதிக்க வைக்கணும்" என்று எழுந்தார் அக்கா.

காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா. நான்கு பைகள் வைத்த பழைய ஜாக்கெட். நடக்கும்போது அந்தப் பைகளுக்குள் வாஷரும் திருகாணியும் குலுங்கின. சிலிப்பரை வெளியே ஓரமாக, ஒன்றோடொன்று ஒட்டிவைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"பசியாறியாச்சா?"

"அதெல்லாம் ஆச்சு. நீங்க மொதல்ல மேல பாருங்க. நேத்தவிட இன்னிக்குக் கூடிப்போச்சு."

டார்ச் அடித்துப் பார்த்தார். கூரையை வெகுநேரம் பார்த்தார். "ம்ம். வருது."

"வருதுன்னு எனக்கும் தெரியும் லா! எப்ப நிக்கும்?"

"முதலாளிகிட்ட ஒரு வார்த்த போட்டு வைக்கிறேன்."

"போன மாசமும் போட்டீங்க. அந்த வார்த்த எங்க போய் விழுந்துச்சோ!"

"அவருக்கு ஒரு காதுதான் கேக்கும்மா. அந்தக் காதையும் தலகாணியில வெச்சுப் படுத்துக்குவாரு."

அக்கா சிரித்துவிட்டார். தேத்தண்ணி வந்தது. அவர் காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ரொட்டியை நனைத்து நனைத்துத் தின்றார். அக்காவின் சின்ன மகள் இருமலோடு வந்து அவர் ஜாக்கெட் பைக்குள் கையை விட்டு வாஷர்களை எடுத்து விரலில் மோதிரமாகப் போட்டுக்கொண்டாள். கூரை தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டே இருந்தது.

எனக்குக் கை துறுதுறுத்தது. வீட்டுக்காரர் எங்கேயோ இருக்கிறார். வீடு இங்கே ஒழுகுகிறது. நடுவில் ஒருவர் ரொட்டி நனைத்துக்கொண்டிருக்கிறார். இந்த மலையில் இப்படி எத்தனை வீடுகள்! முறையாகப் படித்த ஒருத்தி இதைக் கையில் எடுத்தால் எப்படி இருக்கும்?

"அங்கிள், உங்க முதலாளி நம்பர் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

"அவரு போன எடுக்க மாட்டாரும்மா."

"வாட்ஸாப்?"

"பட்டன் போன்தான் வெச்சிருக்காரு" என்று சொல்லித் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த முதலாளியைப் பிடிப்பதே என் குறி ஆகிவிட்டது. பூ வாங்கும் சாக்கில் அடிக்கடி போனேன். முதலாளியைப் பற்றி அங்கே எல்லாருக்கும் எல்லாமும் தெரிந்திருந்தது. அவரைப் பார்த்தவர்தான் யாரும் இல்லை. ஒருநாள் பினாங்கில் இருப்பார், ஒருநாள் ஈப்போவில். தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூரில் இருப்பார். "வர்றேன்னுதான் சொன்னாரு. கடைசி நேரத்துல லீவு கெடைக்கலையாம்" என்பார் மானேஜர். முதலாளிக்கு யாரிடம் லீவு கேட்கவேண்டியிருந்தது என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. சிங்கப்பூரில் மானேஜருக்கு ஒரு மகன் இருந்தான் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் வேலை செய்கிற விதம் படித்தவளாகிய எனக்குப் பொறுக்கவே இல்லை. ஒரு குழாய்க்கு எந்த ஸ்பானர் வேண்டுமோ அதைத் தவிர மற்றதெல்லாம் எடுத்து வருவார். "அடடா, அது கீழ இருக்கு" என்று இறங்கிப் போவார். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் முதலாளி தனக்குக் கொடுத்த வீட்டில்தான் தான் இருப்பதாகச் சொல்லியிருந்தார். போனவர் அன்றைக்கே வரமாட்டார். மறுநாள் காலையில் கிரில்லில் சாவி தட்டும். அக்காவின் ஒழுகும் கூரைக்கு அவர் செய்திருந்த ஏற்பாட்டைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காய்கறித் தோட்டத்துக் கொட்டகைகளுக்குப் போடும் கனத்த பிளாஸ்டிக்கைக் கூரைக்குக் கீழே தொட்டில் மாதிரி கட்டி, அதன் நடுவில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, தண்ணீரைக் கைகழுவும் தொட்டிக்குக் கொண்டுபோயிருந்தார். தொட்டில் சரியாகத் தொங்குகிறதா என்று பார்க்க ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். அதைமீறித் தெறிக்கிற சொட்டுக்குத்தான் வாளி. மேல்மாடி வீட்டுக் குளியலறைத் தரையை உடைத்துப் போட்டால் தீர்ந்துவிடுகிற விஷயம் அது. மேல்வீடும் அதே முதலாளியுடையதுதான்!

முதலாளியை மானேஜரைவிட அதிகமாகத் திட்டியவர்கள் கிடையாது. மேல்வீட்டில் இருந்த நர்ஸ் புனிதாவுக்கு வெந்நீர் ஹீட்டர் வந்தபோது, "சும்மா குடுப்பாரா? ஒத்தக் கால்ல நின்னு சண்ட போட்டு வாங்கியாந்தேன்" என்றார். மலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்த புனிதா அவருக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டாள். தீபாவளிக்குச் சரசு அக்கா இரண்டு டப்பா முறுக்கு கொடுத்தார்.

"இது உங்களுக்கு. இது அந்த மகாராசனுக்கு. இதத் தின்னாவது மனசு எளகுதான்னு பாப்போம்."

இரண்டையும் வாங்கிப் போனவர் சில நாள் கழித்துச் சேதி கொண்டுவந்தார். "நல்லா இருந்துச்சாம். ஒறப்புதான் கொஞ்சம் பத்தலையாம்."

அக்காவுக்கு வந்ததே கோபம்! "சொல்லுவாரு லா, நல்லாச் சொல்லுவாரு! ஓட்டைய அடைக்கத் துப்பில்ல, முறுக்குக்கு மட்டும் நாக்கு நீளுதோ?"

"அதான் நானும் கேட்டுட்டேன். மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன்" என்றார் மானேஜர்.

முதலாளியை நான் ஒருவழியாகப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். அந்த அடுக்குமாடியின் வீட்டு உரிமையாளர்கள் வருடத்துக்கு ஒருமுறை கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூடுவார்கள். உரிமையாளர்களை ஒரே இடத்தில் பிடிக்க இதைவிட நல்ல நேரம் ஏது? செயலாளரைக் கெஞ்சி, கொஞ்ச நேரம் பேச அனுமதி வாங்கியிருந்தேன். பெயர் அட்டைகூட அடித்துவிட்டேன். முன்னால் போய் நின்று பார்த்தால், மூன்றாவது வரிசையில் மானேஜர்! குல்லாவைக் கழற்றி மடிமேல் வைத்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. முதலாளிக்குப் பதிலாக வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பாட்டுக்கு மலாயில் பொரிந்து தள்ளினேன். வாடகைக்கு விட்ட வீட்டைச் சொந்தக்காரரே பார்த்துக்கொண்டால் என்னென்ன கெடும், பழுதை ஒத்திப்போட்டால் எப்படிப் பெருகும், முறையான ஆளிடம் கொடுத்தால் எவ்வளவு நிம்மதி, எல்லாம் சொன்னேன். நடுவில் அவரைப் பார்த்தேன். தலையைக் குனிந்து குல்லாவின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு தண்ணீர்த் தொட்டி மாற்றுவதற்கு ஓட்டு எடுத்தார்கள். பிரதிநிதிகளுக்கு ஓட்டு இல்லை, சொந்தக்காரர்கள் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுச் செயலாளர் வீட்டு எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். சரசு அக்கா வீட்டு எண் வந்தது. "சாயா" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. மலாயில் நான்தான் என்று அர்த்தம். புனிதா வீட்டுக்கும் அதே கை. தரைத்தளத்து வீட்டுக்கும் அதே கைதான். எஸ்டேட்டில் காலைப் பெரட்டுக்குப் பேர் கூப்பிடும்போது எழுந்து நிற்பார்களே, அதே மாதிரி ஒவ்வொரு தடவையும் பாதி எழுந்து உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் எதிரே தேநீர் விற்கும் ஒட்டுக்கடைக்கு அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன்.

"மூணு வீடும் உங்களோடதா அங்கிள்?"

"மெதுவாப் பேசும்மா."

"அப்ப அந்த முதலாளி?"

"இருக்காரே."

"எங்க?"

"இங்கதான். தே ஓ குடிச்சிக்கிட்டு இருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த ஃபிளாட்டுகள் விலைபோகாமல் கிடந்த காலத்தில், கணவனும் மனைவியுமாகச் சேர்த்ததைப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். வீடு கைக்கு வந்த கொஞ்ச காலத்தில் மனைவி போய்விட்டார்.

"மொத மொத குடிவந்தவங்ககிட்ட நான்தான் வீட்டுக்காரன்னு சொன்னேன். கதவப் பாதி தொறந்து, அதப் புடிச்சுக்கிட்டே நின்னு பேசினாங்க. என்ன விசயம்னாங்க. ஒரு விசயமும் இல்ல, பசியாறிட்டீங்களான்னு கேக்க வந்தேன்னேன். ஆச்சுன்னாங்க. அவ்வளவுதான்." தே ஓவை ஒரு மடக்குக் குடித்தார். "அவங்க போனப்புறம் சரசு வந்துச்சு. வாய் தவறின மாதிரி, முதலாளி அனுப்புனாரு, நான் வீட்டப் பாத்துக்கிற ஆளுன்னுட்டேன். அட, உள்ள வாங்கண்ணேன்னுச்சு."

"அதுக்காக எத்தன நாளைக்குப் பொய் சொல்லுவீங்க?"

"எஸ்டேட்டுல முதலாளிய யாரும்மா பாத்தா? துரையப் பாத்திருக்கோம், கணக்கெழுதுற கிராணியப் பாத்திருக்கோம். கல்யாணம்னா கிராணி வீட்டுக்கு வெத்தல பாக்கு போகும். முதலாளின்னு ஒருத்தர் இருக்காருன்னுதான் தெரியும். அவர யாரு கூப்பிட்டா?"

நான் விடவில்லை. அதுதான் என் சுபாவம். சொந்தக்காரரே போனால் கோபமும் வரும், பாசமும் வரும், இரண்டுமே வீட்டுக்கு ஆகாது என்றேன். குழாய் ஒழுகினால் குழாயைத்தான் பார்க்கவேண்டும், குடியிருப்பவர் முகத்தை இல்லை என்றேன். அந்தக் குழந்தை ஈரத்தில் இருமிக்கொண்டே இருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நீ வந்துட்டா நான் யாரு?"

"நீங்க முதலாளி அங்கிள்!"

"அது தெரியும். நான் யாருன்னு கேட்டேன்."

பெயர் அட்டை ஒன்றை அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தொட்டில் ஒருநாள் அறுந்து, அடுப்பின்மேல் விழுந்தது. குழந்தைக்கு இருமல் முற்றி ஆஸ்பத்திரிவரை போய்வந்தார்கள். சரசு அக்கா அவரை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, அந்த மாசக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார். "ஒங்கமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லண்ணே. அந்தக் கல்லு மனசுக்காரன்கிட்ட சொல்லிடுங்க."

அன்றைக்கு மத்தியானம் அவர் ஹோட்டலுக்கு வந்தார். பெட்டிகளோடு நின்ற சுற்றுலாக்காரர்களுக்குப் பின்னால் அவரும் வரிசையில் நின்றார். கை காட்டிக் கூப்பிட்டும் முன்னால் வரவில்லை. தன் முறை வந்ததும் மேசைமேல் என் பெயர் அட்டையை வைத்தார். ஓரம் மடங்கி, அழுக்கேறி இருந்தது.

"இந்தக் கம்பெனியக் கூப்பிடணும்."

"அங்கிள், நான்தான் கம்பெனி."

"அதான், கூப்பிட்டுட்டேன். சரசு அங்கேயே இருக்கணும். யாரு முதலாளின்னு மட்டும் வாயத் தொறக்காத."

வாக்குக் கொடுத்தேன். அதுதான் என் முதல் ஒப்பந்தம். புனிதாவைச் சில நாள் தோழி வீட்டில் தங்கச் சொல்லிவிட்டு, குளியலறைத் தரையை உடைத்து, குழாய் மாற்றி, புதிதாகப் பூசி முடித்தேன். கூரை காய்ந்தது. குழந்தைக்கு இருமல் குறைந்தது. சரசு அக்கா மூட்டையைப் பிரித்து அடுக்கிவிட்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

"சரி, பழைய மானேஜர் எங்க? ஆளையே காணோம்?" என்று கேட்டார் அக்கா.

"முதலாளி இனிமே என்கிட்ட குடுத்துட்டாருக்கா."

அக்கா எடுத்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப அவர வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

நான் என்ன சொல்வதென்று பார்ப்பதற்குள் அக்காவே முந்திக்கொண்டார்.

"அய்யோ, வேலை போனா வீடும் போச்சே! எங்க போவாரு அந்த மனுசன்?"

நான் டிப்ளோமாவில் படிக்காத பாடம் அது. ஆனால் எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்தில் பிறந்த யாருக்கும் அது தெரியும். எஸ்டேட்டில் வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. பெயர் பெரட்டிலிருந்து எடுபட்டால் லயத்து வீட்டின் சாவியையும் ஆபீசில் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும். சரசு அக்காவின் அப்பாவும் அப்படி இறங்கியவர்தான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முதலாளி நம்பரக் குடு. நானும் புனிதாவும் பேசுறோம். கால்ல வேணாலும் விழுறோம். அவரு அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்." அவர்கள் பேசவேண்டிய ஆள் ஒரு மாடி கீழே இருந்தார். வாக்குக் கொடுத்திருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் காதுக்கும் அது போயிருக்கிறது. சரசு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கண்ணே போவீங்க?" என்று கேட்டாராம். கோலா தெர்லாவில் தெரிந்தவர் ஒருவரின் காய்கறித் தோட்டத்தில் வேலைக்காரர் கொட்டகை இருக்கிறது, அங்கே போகிறேன் என்று இவரும் சொல்லிவிட்டார். சொன்னபடியே கிளம்பியும் விட்டார்! நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் லோரியில் மெத்தையும் சமையல் கேஸ் தோம்பும் ஏறியிருந்தன. அவருடைய எல்லா ஸ்பானர்களும் ஒரு அரிசிப் பையில் இருந்தன. எல்லா அளவும் இருந்தன.

ஓரமாக இழுத்துக் காதில் சொன்னேன். "அங்கிள், இது உங்க வீடு."

"தெரியும்மா. இங்க இனிமே நான் என்னன்னு இருப்பேன்?"

"சும்மா இருங்க. யாரு கேக்கப்போறா?"

"அதான்" என்றார். "யாரு கேக்கப்போறா."

சரசு அக்கா ஒரு கட்டுச் சாமந்தியைக் காகிதத்தில் சுற்றி லோரியில் ஏறி உட்கார்ந்திருந்த அவர் மடியில் வைத்துவிட்டு வாய்விட்டே சபித்தார். "உங்கள இப்படி ரோட்டுக்கு அனுப்புன அந்த முதலாளி நல்லாவே இருக்க மாட்டான்!"

லோரியின் ஜன்னல் வழியாக அவர் கையை நீட்டி அக்காவைத் தடுத்தார். "அப்படிச் சொல்லாதம்மா. பாவம், அவருக்கும் யாரும் இல்ல."

லோரி வளைவில் திரும்பித் தேயிலைச் சரிவுக்குப் பின்னால் மறைந்தது.

அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஹோட்டல் வேலையை விட்டுவிட்டேன். என் கையில் இப்போது வேறு வீடுகளும் இருக்கின்றன. வீட்டை வாடகைக்கு விடுகிறவர் முறையான ஆளிடம் கொடுக்கவேண்டும் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். காய்ந்த கூரையை யாரும் வந்து பார்க்கலாம். பழுது என்றால் வாட்ஸாப்பில் படம் வருகிறது. ஆளை அனுப்புகிறேன். சரியானதும் கும்பிடுகிற கைப் படம் ஒன்று வருகிறது. நல்லபடியாக வேலை செய்தால் யாரையும் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. போன மாதம் முழுக்க நான் குடிக்கிற தேத்தண்ணி எல்லாம் நானே கலக்கியதுதான் என்று ஒருநாள் திடீரென்று தோன்றியது.

தன் தரைத்தளத்து வீட்டை வாடகைக்கு விட மானேஜர் சம்மதிக்கவில்லை. பூட்டியே கிடக்கிறது. மலைக் காற்றில் பூஞ்சை பிடித்துவிடும் என்று வாரம் ஒருமுறை போய் ஜன்னல்களைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். மேலே சரசு அக்கா வீட்டில் நடக்கிற சத்தம் அங்கே நன்றாகக் கேட்கிறது. குழந்தை ஓடுவது, பூ வாளி நகர்வது, அண்ணன் செருமுவது எல்லாம். அவர் அங்கே உட்கார்ந்து எத்தனை நாள் இதைக் கேட்டிருப்பார்!

மாதக் கடைசியில் அவர் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு விவரம் சொல்வது என் ஒப்பந்தக் கடமை.

"பைப்பு ஏதாச்சும்?" என்பார்.

"ஒண்ணும் இல்ல அங்கிள். எல்லாம் நல்லா இருக்கு."

"லைட்டு?"

"எரியுது அங்கிள்."

"நல்லது. நல்லது." பிறகு கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும் வரும். போனை அவர் வைப்பதும் இல்லை, நான் வைப்பதும் இல்லை.

போன வாரம் சரசு அக்கா வீட்டுக் கதவுப் பூட்டு இறுகிவிட்டது என்று படம் வந்தது. ஆளை அனுப்பக் கை போனது. அனுப்பவில்லை. அவசரம் இல்லையே அக்கா, ஞாயிற்றுக்கிழமைவரை பொறுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறேன். நாளைக்குத்தான் ஞாயிறு. காலை பஸ்ஸில் கோலா தெர்லா போகிறேன். என் கம்பெனிக்கு ஓர் ஆள் வேண்டும், வீடு வீடாகப் போய் விசாரிக்கிற வேலை, முதலில் அந்தப் பூட்டு, வேலையோடு தரைத்தளத்தில் ஒரு வீடும் உண்டு என்று மானேஜரிடம் சொல்லிப் பார்க்கப்போகிறேன். அவர் வந்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வீட்டைக் கொடுக்கவேண்டியவர் முதலாளி. இன்னும் யாரும் உள்ளே கூப்பிடாத அந்த மனிதரிடமும் தனியாக உட்கார்ந்து, பசியாறிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சை எடுக்கவேண்டும்.